கில்வாராவுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி

வாழ்த்துச் செய்தி இல்லாமல் ஒரு புத்தகமும் கிருஷ்ணராசாவின் அச்சகத்தை விட்டு வெளியே போனது கிடையாது. கும்பாபிஷேக மலர் என்றால் குருக்களின் ஆசியுரை, தலைவரின் வாழ்த்து, செயலாளரின் வாழ்த்து, போன முறை தலைவராக இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்க அவருடைய வாழ்த்தும் ஒன்று. பழைய மாணவர் சங்கம் என்றால் ஊரிலிருக்கும் பள்ளிக்கூட அதிபருடையது. கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ஒருவர் தன் அறுபதாவது பிறந்தநாளுக்குப் போட்ட சின்னப் புத்தகத்துக்குக்கூட, அந்தப் பகுதிக் கவுன்சிலரைத் தேடிப்பிடித்து வாழ்த்தும் பாஸ்போர்ட் அளவுப் படமும் வாங்கிப் போட்டவர் அவர்.

“முகப்பில நாலு பெரிய மனுசர் நிக்காட்டி அது புத்தகமே? நோட்டீஸ்!” என்பார்.

அந்த வாழ்த்துகளை எல்லாம் டைப் அடிக்கிறவள் அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி. அவற்றின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை போய்ப் பல காலம். “எல்லாம் ஒண்டுதானப்பா. பேரை மட்டும் மாத்தி விடுறன், ஆருக்கும் தெரியாது,” என்பாள். ஒருமுறை அப்படியே செய்தும் இருக்கிறாள். இரண்டு தலைவர்களும் நன்றி சொன்னார்கள்.

கடை தெற்கு லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது. ஒரு பக்கம் இறைச்சிக்கடை, மறுபக்கம் போன் கார்டு விற்கும் கடை. கண்ணாடியில் கல்யாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டு அழைப்பிதழ், அந்தியேட்டி நாளில் கொடுக்கும் நினைவு மலர் எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கும். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, அந்தக் கண்ணாடியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மார்ட்டின் டூலன் உள்ளே வந்தார்.

அவரை அவர்களுக்குத் தெரியும். எதிரே உடுப்புத் தோய்க்கும் கடைக்கு மேலே உள்ள பிளாட்டில் தனியாக இருக்கும் ஐரிஷ் கிழவர். எண்பதை நெருங்கியவர். வாலிபத்தில் லண்டனுக்கு வந்து ரோடும் பாலமும் கட்டி ஓய்வு பெற்றவர். போட்டோகொப்பி எடுக்க வருவார், காலநிலையைத் திட்டுவார், போவார். அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கையால் எழுதிய தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“புத்தகம் அடிப்பீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கதை. ஊர் பெயர் கில்வாரா. மேற்கு அயர்லாந்தில். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பக்கத்து ஊர்க்காரனே கேள்விப்பட்டதில்லை.”

“எப்படிப்பட்ட ஊர்?” என்றார் கிருஷ்ணராசா, வியாபாரத்துக்கு வேண்டிய மரியாதையோடு.

“ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு குடிக்கும் கடை. மழை பெய்யாத நேரத்தில் எல்லோரும் மழை வரப்போகிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.”

ஜூன் மாதத்தில் அந்தத் தேவாலயத்துக்கு நூறு வயது. விழாவுக்கு முந்தின வாரம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புத்தகம் தபாலில் போய்ச் சேரவேண்டும். அவ்வளவுதான் அவர் சொன்னது. கிருஷ்ணராசா தாள்களைப் புரட்டினார். கைக்குள் அடக்கமாக இருந்த இரண்டு பழைய படங்களைப் பார்த்தார். “செய்யலாம்,” என்று சொல்லி எல்லாவற்றையும் மனைவி பக்கம் தள்ளிவிட்டார். எழுத்தை வாசிப்பது அவர் வேலை அல்ல. அது அவள் பாடு.

ஜெகதீஸ்வரி வேலையைத் தொடங்கினாள். முதல் பத்துப் பக்கமும் எந்தக் கோயில் மலரிலும் வரக்கூடியதுதான். யார் நிலம் கொடுத்தார்கள், கல் எங்கிருந்து வண்டியில் வந்தது, மணியைத் தூக்கும்போது கயிறு அறுந்து யாருடைய பன்றி செத்தது என்பதுவரை இருந்தது. பன்றி செத்த இடத்தில் அவள் சிரித்தாள். பதினோராம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

அடுத்த நாள் கிழவர் வந்தபோது அவள் கேட்டாள். “மிஸ்டர் டூலன், இந்த ‘ஸ்டேஷன்’ என்றால் என்ன? ரயில் ஸ்டேஷனா?”

கிழவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிருஷ்ணராசா அச்சு மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்.

“இல்லை. எங்கள் ஊரில் வருடத்தில் இரண்டு முறை பங்குச் சுவாமி சர்ச்சை விட்டு ஒரு வீட்டுக்கு வந்து பூசை வைப்பார். ஒவ்வொரு முறையும் ஒரு வீடு. முறைப்படி சுற்றிவரும். உங்கள் முறை வந்தால் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், கூரை வேய வேண்டும், அக்கம்பக்கம் எல்லோருக்கும் சாப்பாடு. என் அம்மா பக்கத்து வீட்டில் கோப்பை இரவல் வாங்கி அடுக்கி வைத்திருந்தாள். நல்ல கோப்பைகள். நீலக்கரை போட்டவை. சுவாமி குதிரை வண்டியில் வந்தார். எங்கள் வாசலில் நிற்கவில்லை. நேரே அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வருடம் மட்டுமில்லை. அதற்குப் பிறகும் ஒருபோதும் நிற்கவில்லை.”

அவளுக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. அவளுடைய ஊரான ஏழாலையில் இதைக் கோயில் திருவிழா உபயம் என்பார்கள். நாலாம் திருவிழா இன்ன வீட்டாருக்கு என்றால் அது அந்த வீட்டாருக்கு. அதைப் பறிப்பது ஆளை ஊரிலிருந்து அழிப்பதற்குச் சமம்.

“பதினோராம் பக்கத்திலே இருக்கிறதுக்காகவா?” என்றாள்.

“அதற்காகத்தான்.”

பதினோராம் பக்கத்தில் இருந்தது இது. 1934இல் தேவாலயத்தின் வடக்கு மதிலைக் கட்டியவர் மார்ட்டினின் தகப்பன், கல் மேசன் தோமஸ் டூலன். மதில் பாதியில் நிற்கும்போது அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து, ஞானஸ்நானம் கொடுக்க முன்னரே இறந்துபோனது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குச் சர்ச் நிலத்தில் இடமில்லை என்பது அந்நாளைய சட்டம். ஊருக்கு வெளியே, அடையாளம் எதுவும் வைக்காமல், ஏதாவது ஒரு வயல் மூலையில்தான் புதைக்க வேண்டும். தோமஸ் டூலன் அதைக் கேட்கவில்லை. விடியற்காலையில் குழந்தையைக் கொண்டுபோய் மதிலின் உட்பக்க அடியில் புதைத்தார். அன்றைக்கே அதன்மேல் மதிலை எழுப்பினார். பங்குச் சுவாமி பாதர் லாவெல்லுக்கு விஷயம் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்றபடி, எல்லோர் முன்னாலும், “எங்கே வைத்தாய், சொல்,” என்று கேட்டார். தோமஸ் டூலன் வாய் திறக்கவில்லை. சாகும்வரை திறக்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் சுவாமி அவர் வாசலைத் தாண்டிப் போனதும், இரவல் வாங்கிய நீலக்கரைக் கோப்பைகளும் அதே பக்கத்தில் இருந்தன. பிறகு வந்த எந்த வரலாற்றிலும் அவர் பெயர் கிடையாது. ‘வடக்கு மதில், ஊரவர் சிரமதானத்தில் எழுந்தது’ என்று ஒரே வரி.

“இந்த முறை விழாக் குழு கலரில் ஒரு புத்தகம் போடுகிறது,” என்றார் மார்ட்டின். “அதிலும் அதே வரிதான் வரும். என் புத்தகம் அவர்கள் வீட்டுக் கதவால் உள்ளே விழும்வரைக்கும் ஒருவருக்கும் தெரியக்கூடாது, மிஸிஸ் ராஜா. ஒருவருக்கும்.”

“தெரிந்தால் தடுத்துவிடுவார்களா?”

“அவர்கள் தடுக்கத் தேவையில்லை. ஒரு போன் அடிப்பார்கள். ‘மார்ட்டின், பழசைக் கிளறாதே, நூறாவது வருடம், நல்லா இருக்காது’ என்பார்கள். நான் சரி என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். வாழ்க்கை முழுக்க சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். போர்மேனுக்குச் சொன்னேன், வீட்டுக்காரனுக்குச் சொன்னேன். இதையாவது அவர்கள் கேட்க முன் முடித்துவிட வேண்டும்.”

அவள் தலையாட்டினாள். அதைப் புருஷனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அடிக்கிறவருக்கு உள்ளே இருப்பது எதற்கு?

புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் போனது. முடிந்த அடுத்த நாள் வியாழக்கிழமை காலை, கணினியில் அதைத் திறந்தவள், முகப்பில் இரண்டு பக்கம் வெறுமையாக நிற்பதைக் கண்டாள்.

“இஞ்சேருங்கோ, இதென்ன முன்னுக்கு ரெண்டு பக்கம் வெள்ளையாய்க் கிடக்கு?”

“அது வாழ்த்துக்கு,” என்றார் கிருஷ்ணராசா, தேநீரை ஊதிக்கொண்டே. “கிழவன் பாவம், ஒரு பெரிய மனுசற்றையும் வாழ்த்து இல்லாமல் கொண்டுவந்து தந்திட்டுது. ஆள் இல்லாத மனுசன், ஆரிட்டைப் போய்க் கேக்கும்? நானே கேட்டிட்டன்.”

“ஆரிட்டை?”

“அந்த ஊர் விழாக் குழுவிட்டைத்தான். இன்டர்நெட்டில தேடினன், விலாசம் கிடைச்சுது. நேற்றுப் பின்னேரம் ஈமெயில் போட்டன். ‘மதிப்புக்குரிய ஐயா, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், பாஸ்போர்ட் அளவுப் படத்துடன்…’ வழமையாப் போடுறதுதான்.”

ஜெகதீஸ்வரி திரும்பி அவரைப் பார்த்தாள். “வெறும் கடிதம் மட்டும்தானே?”

“வெறுங்கையோட கேக்கேலுமே? என்ன புத்தகம் எண்டு அவைக்குத் தெரிய வேண்டாமோ? முழுப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினனான்.”

“நீங்கள் அதை வாசிச்சனீங்களோ?”

“படம் ரெண்டையும் பாத்தனான். நல்ல கிளியர்.”

“ஐயோ கடவுளே! பதினோராம் பக்கத்தை வாசியுங்கோ. இப்ப வாசியுங்கோ. தேத்தண்ணியை வைச்சிட்டு வாசியுங்கோ!”

அவர் வாசித்தார். வாசிக்கும்போது உதடு அசைந்தது. முடித்ததும் தேநீரைத் தேடி எடுத்து, குடிக்காமல் திரும்பவும் வைத்தார்.

“கோயில் வரலாறு எண்டால் ஊருக்குத் தெரியத்தானே அடிக்கிறது?” என்றார் மெல்ல. “அதில ரகசியம் இருக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?”

“உங்களுக்கு விசர். வாழ்த்து விசர்.”

அவர் மெஷினைத் துடைக்கப் போனார்.

மத்தியானம் போன் வந்தது. ஜெகதீஸ்வரிதான் எடுத்தாள். ஒரு பெண் குரல். பின்னால் ஏதோ பெரிய மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

“கில்வாரா விழாக் குழுச் செயலாளர் நோரீன் கீகன் பேசுகிறேன். மார்ட்டின் டூலன் உயிரோடுதான் இருக்கிறாரா?”

“இருக்கிறார்.”

“பதினோராம் பக்கம் அவரே எழுதியதா? வேறு யாரும் சேர்த்ததா?”

“அவருடைய கையெழுத்தைப் பார்த்து நான்தான் டைப் செய்தேன்.”

மெஷின் சத்தம் இன்னும் பெருத்தது. பிறகு அந்தப் பெண் யாரையோ உரத்துக் கூப்பிடுவதும், “நான் போகவேண்டும்,” என்பதும் கேட்டன. போன் அறுந்தது.

“என்னவாம்?” என்றார் கிருஷ்ணராசா.

“கேட்டுது. வைச்சிட்டுது.”

“நாங்கள் ஒண்டும் சொல்லாமல் நாளைக்கே அடிச்சு அனுப்பிவிடுவம். கிழவனுக்குத் தெரியாது.”

“நாளைக்கு அடிச்சு, எப்ப தைச்சு, எப்ப அனுப்புறது? இண்டைக்குப் பின்னேரமே அந்தாளுக்குப் போன் அடிப்பாங்கள். நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்.”

“நான் வரட்டே?”

“வேண்டாம். நீங்கள் வந்தால் அவரிட்டையும் ஒரு வாழ்த்துக் கேப்பியள்.”

அவள் தெருவைக் கடந்து, உடுப்புத் தோய்க்கும் கடையின் பக்கத்துப் படியில் ஏறினாள். மார்ட்டின் கதவைத் திறந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்திருந்தாள். கத்தவில்லை. மேசையில் இருந்த போனைத் திரும்பிப் பார்த்தார், அது ஏதோ நாய் போலவும் இப்போது எழுந்து வரும் போலவும்.

“அப்படியானால் முடிந்தது,” என்றார். “இன்றைக்கு அடிப்பார்கள். நான் சரி என்பேன்.”

“வயரைக் கழற்றி விடுங்களேன்.”

“கழற்றலாம். பிறகு நானே எழுந்துபோய்த் திரும்ப மாட்டுவேன்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்படியானால் போன் இல்லாத இடத்துக்கு வாருங்கள். எங்கள் கடைக்கு.”

“உங்கள் கடையிலும் போன் இருக்கிறதே.”

“இருக்கிறது. அதை நான்தான் எடுப்பேன். நான் ஒருவருக்கும் சரி என்று சொன்னதில்லை. என் புருஷனைக் கேட்டுப் பாருங்கள்.”

அன்றிலிருந்து மார்ட்டின் டூலன் கடை திறக்கும்போது வந்து, பூட்டும்போது போனார். இரவில் போன் அடித்தால் தலையணையைக் காதோடு அமுக்கிக்கொண்டதாகச் சொன்னார். சும்மா இருக்க அவருக்கு வராது. இரண்டாம் நாளே ஜெகதீஸ்வரி கல்யாண அழைப்பிதழ்களுக்குத் தங்கநிறக் கயிறு கட்டக் கொடுத்தாள். கட்டட வேலை செய்த அந்தப் பெரிய விரல்களுக்கு அது முதலில் அகப்படவில்லை. பிறகு பழகிவிட்டது. கிருஷ்ணராசா மணிக்கொரு தடவை தேநீர் போட்டுக் கொடுத்தார். பிஸ்கட்டும் வைத்தார். மன்னிப்பை வாயால் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

புத்தகத்தை அடிக்கும் வேலை நின்றிருந்தது. மெஷினில் ஒரு உருளை பழுது, புதிது செவ்வாய்க்கிழமைதான் வரும். வந்த உடனே அடித்துத் தள்ளிவிடுவதாகக் கிருஷ்ணராசா கிழவருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்.

சனிக்கிழமை ஜெகதீஸ்வரியின் சிநேகிதி பவளக்கொடி வந்தாள். மகளின் கல்யாணம் லூயிஷாம் சிவன் கோயிலில். அழைப்பிதழ் எடுக்க வந்தவள் கிழவரைக் கண்டு அப்படியே நின்றாள்.

“ஆரடி உது, ஜெகதி? வெள்ளைக்காரரை வேலைக்கு வைச்சிருக்கிறியளோ?”

“ஓம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் நேரத்துக்கு வராயினம்.”

“நல்ல வடிவா முடிச்சுப் போடுறார். எங்கட மாப்பிள்ளை தாலி கட்டேக்கையும் இந்தாளையே பக்கத்தில விடலாம்.”

மார்ட்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று விளங்கி, அழைப்பிதழை உயர்த்திக் காட்டினார். பவளக்கொடி இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை உருளை வந்தது. கிருஷ்ணராசா மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார். அந்த நேரத்தில்தான், மழைக்கோட்டும் இழுக்கும் பெட்டியுமாக, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். காலை விமானத்தில் வந்து, குரொய்டனில் டிராம் பிடித்து, மூன்று பேரிடம் வழி கேட்டு வந்திருந்தாள்.

“மார்ட்டின்,” என்றாள். “போனை எடுக்கமாட்டாயா?”

மார்ட்டின் கையிலிருந்த கயிற்றை விடவில்லை. “நீ கீகன் வீட்டுப் பிள்ளை. நோரீன். உன் பாட்டியின் மூக்கு உனக்கு.”

“நன்றி. அதைச் சொல்ல ஆள் இல்லையே என்றிருந்தேன்.” அவள் பெட்டியைச் சுவரோடு சாய்த்தாள். “வியாழக்கிழமை உன் புத்தகத்தைச் சர்ச் வாசலில் நின்று வாசித்தேன். அப்போது எனக்குப் பின்னால் மண் தோண்டும் டிக்கர் மெஷின் ஒன்று வடக்கு மதிலை இடித்துக்கொண்டிருந்தது.”

ஜெகதீஸ்வரிக்குப் போனில் கேட்ட உறுமல் ஞாபகம் வந்தது.

மார்ட்டின் எழுந்து நின்றார். கதிரை பின்னால் விழுந்தது.

“கார் பார்க். விழாவுக்கு வரும் கார்களுக்கு இடம் வேண்டுமாம். இப்போது எங்கள் ஊரில் எல்லோரிடமும் கார் இருக்கிறது, மார்ட்டின், கூரை இல்லாதவனிடமும். ரோட்டுப் பக்க முனையிலிருந்து இடித்து வந்தார்கள். நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன். நிறுத்திவிட்டேன். பாதி மதில் இன்னும் நிற்கிறது.”

“எந்தப் பாதி?”

“மேற்குப் பாதி. மரத்தடிப் பக்கம்.”

மார்ட்டின் மேசையைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணராசா கதிரையை நிமிர்த்தி அவருக்குக் கீழே வைத்தார்.

“நீ அதை நம்பினாயா?” என்று கடைசியில் மார்ட்டின் கேட்டார். “அந்தப் பக்கத்தை?”

“நீலக்கரைக் கோப்பைகள் எங்கள் வீட்டுக் கோப்பைகள். பாட்டி சொல்லியிருக்கிறாள். ‘கழுவாமலே திரும்பி வந்தன, ஏனென்றால் ஒருவரும் அதில் குடிக்கவில்லை’ என்று. பூசை எங்கள் வீட்டில்தான் நடந்தது. ஏன் என்று மட்டும் சொன்னதில்லை.” நோரீன் மழைக்கோட்டின் பொத்தானைக் கழற்றினாள். “இப்போது கேள். குழுவில் பாதிப்பேர் கிழவன் கதை விடுகிறான் என்கிறார்கள். குழுத் தலைவர், பாதர் லாவெல்லின் அண்ணன் பேரன். அவர் ஒரு வழி சொல்கிறார். பாதரின் பெயரை எடுத்துவிடு. பீடத்தில் நின்று கேட்டார் என்பதையும் எடுத்துவிடு. ‘அந்நாளைய வழக்கப்படி’ என்று போடு. அவ்வளவு செய்தால் மதில் நிற்கும். உன் அப்பாவின் பெயருக்கு ஒரு கல்லும் பதிப்பார்கள். மாட்டேன் என்றால் நாளைக் காலை டிக்கர் மறுபடி தொடங்கும்.”

ஜெகதீஸ்வரி கிழவரின் முகத்தைப் பார்த்தாள். வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சரி என்ற சொல். எண்பது வருடமாகப் பழகிய சொல் தானாகவே வந்துகொண்டிருந்தது.

“புத்தகம் அடித்தாகிவிட்டது,” என்று அவள் சட்டென்று குறுக்கே புகுந்தாள். “முழுவதும். காலையில் தபாலில் போட்டோம். இனி எதையும் எடுக்க முடியாது.”

கிருஷ்ணராசா வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

நோரீனின் முகம் வாடியது. மார்ட்டின் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். அவள் தனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கு விளங்கியது. அதனூடாகப் போனால் போதும், ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

“இல்லை, நோரீன்,” என்றார். “இன்னும் அடிக்கவில்லை. இந்த அம்மா எனக்காகப் பொய் சொல்கிறாள். இன்றைக்குப் பின்னேரம்தான் அடிப்பார்கள். இருக்கிறபடியே அடிப்பார்கள்.”

“மார்ட்டின்—”

“உங்கள் கலர்ப் புத்தகத்தில் பாதர் லாவெல் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது?”

“பக்கத்துக்குப் பக்கம்.”

“வரட்டும். பள்ளிக்கூடம் கட்டினார், மணி வாங்கினார். எல்லாம் உண்மை. இதையும் அவர்தான் செய்தார். வழக்கம் வந்து எங்கள் வாசலைத் தாண்டிப் போகவில்லை. வண்டியில் அவர் இருந்தார். நான் வாசலில் நின்றேன்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “மாட்டேன் என்று தலைவரிடம் சொல்.”

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே காதால் கேட்டவர்போல் உட்கார்ந்துவிட்டார்.

“அப்படியானால் மதில்?” என்றாள் நோரீன். “குழந்தை?”

மார்ட்டின் கதிரையை நோரீன் பக்கம் இழுத்துக்கொண்டார். குழந்தை கிடக்கும் சரியான இடம், அவருடைய தகப்பன் ஊரார் எல்லோர் முன்னாலும் சொல்ல மறுத்தது. பதினோராம் பக்கத்திலும் மார்ட்டின் அதை எழுதவில்லை.

“குழுவுக்குச் சொல்லமாட்டேன்,” என்றார். “உனக்குச் சொல்கிறேன். கோப்பை தந்த வீடு. மதிலின் உட்பக்கம் அடி வரிசையைப் பார். எல்லாக் கல்லும் படுத்துக் கிடக்கும். ஒன்று மட்டும் நிமிர்ந்து நிற்கும். எந்த மேசனும் அப்படி வைக்கமாட்டான். அப்பா வைத்தார்.”

நோரீன் கண்ணை மூடினாள். “மரத்துக்குப் பக்கத்தில். நாங்கள் சின்னதில் சைக்கிளைச் சாத்தி வைப்போமே, அந்தக் கல்.”

“அதுதான்.”

அவள் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக்கு அப்பால், தொங்கும் அழைப்பிதழ்களுக்கு நடுவே அவள் பேசுவது தெரிந்தது. முதலில் கெஞ்சுகிறவள் மாதிரி இருந்தாள். பிறகு கையை வீசிப் பேசினாள். பஸ்சுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தலைவரோட சண்டை பிடிக்கிறா போல,” என்றார் கிருஷ்ணராசா.

திரும்பி வந்தவள் சொன்னாள். “தலைவருக்கு அடிக்கவில்லை. டிக்கர் ஓட்டுகிறவனுக்கு அடித்தேன். அவன் என் தம்பி. இப்போது கல்லடியில்தான் நிற்கிறான். கல் அங்கே இருக்கிறது, நிமிர்ந்து. இனி அந்த மதிலில் கை வைக்கமாட்டான். வேறு ஆளையும் மெஷினையும் தலைவர் தேடிப் பிடிப்பதற்குள் உன் புத்தகம் எல்லா வீட்டுக்கும் வந்துவிடும். அப்புறம் ஊர் பார்த்துக்கொள்ளட்டும்.” கொஞ்சம் நிறுத்தி, “தம்பிக்குத் தலைவரிடம் பயமில்லை. என்னிடம் உண்டு,” என்றாள்.

ஜெகதீஸ்வரிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

தேநீர் வந்தது. சாதாரண வெள்ளைக் கோப்பைகள். குடித்து முடியும்வரை பொறுத்திருந்த கிருஷ்ணராசா தொண்டையைச் செருமினார். ஜெகதீஸ்வரி, “வேண்டாமப்பா,” என்றாள். அவர் கேட்கவில்லை.

“மேடம், அந்த வாழ்த்துச் செய்தி. ரெண்டு பக்கம் வெறுமையாய் நிற்கிறது. புத்தகத்துக்கு அழகில்லை.”

நோரீன் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். “செயலாளர் என்று போட முடியாது. நான் திரும்பிப் போகும்போது அந்தப் பதவி இருக்காது.”

“பதவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை,” என்றார் கிருஷ்ணராசா. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை ஜெகதீஸ்வரி அதற்குமுன் கேட்டதில்லை.

நோரீன் பேனா கேட்டாள். ஒரு கல்யாண அழைப்பிதழின் உறையைத் திருப்பி, இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். கிருஷ்ணராசா வாசித்தார். ‘கோப்பைகள் எங்கள் வீட்டிலிருந்து போனவை. ஒருவரும் குடிக்காமல் திரும்பி வந்தவை. – நோரீன் கீகன், அடுத்த வீடு.’

அவர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். மனைவி பக்கம் குனிந்து, “வாழ்த்துறன் எண்டு ஒரு சொல்லும் இல்லையே, ஜெகதி,” என்றார் தமிழில்.

“இருக்கட்டும். இதில பேரை மாத்தி வேற புத்தகத்துக்குப் போடேலாது. அது காணும்.”

“படம்? பாஸ்போர்ட் சைஸ்?”

“போய் மெஷினைப் போடுங்கோ!”

மெஷின் ஓடத் தொடங்கியது. நோரீன் குரொய்டனுக்கு டிராம் பிடிக்கப் போனாள். மார்ட்டின் மிச்சமிருந்த நாலைந்து அழைப்பிதழுக்கும் கயிறு கட்டி முடித்தார். பிறகு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். கடை பூட்ட இன்னும் நேரம் இருந்தது.

“எங்கே போகிறீர்கள்?” என்றாள் ஜெகதீஸ்வரி. “வெளியே மழை.”

“வீட்டுக்கு. தலைவருக்கு இதற்குள் விஷயம் தெரிந்திருக்கும்.” அவர் தொப்பியைச் சரிசெய்தார். “போன் அடித்துக்கொண்டிருக்கும். யாராவது எடுக்க வேண்டும் அல்லவா?”

அவர் தெருவைக் கடந்து படியில் ஏறுவதை அவள் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மேலே விளக்கு எரிந்தது.